சுவரின் வயது வேறு, தரையின் வயது வேறு: பிக்டுகளின் கடற்குகைகள்

குகையில் செதுக்கல் என்றதும் நம் மனத்தில் கற்கால மனிதன் வந்து நின்றுவிடுகிறான். இடுப்பில் தோலும் கையில் தீவட்டியுமாக இருட்டுக்குள் உட்கார்ந்து, அன்று வேட்டையாடிய விலங்கை அவன் சுவரில் வரைந்துகொண்டிருக்கிறான். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள செதுக்கற் குகைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் படம் குறுக்கே வருகிறது. பிக்டுகள் குகைவாசிகள் என்றும், குகை பல்லாயிரம் ஆண்டுப் பழமையானது, ஆகவே சுவரில் உள்ள குறியும் அத்தனை பழமையானது என்றும், உள்ளே எலும்பு கிடைத்திருக்கிறது, ஆகவே குறியைச் செதுக்கியவர்களே அந்த எலும்புக்கும் காரணம் என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் முழுப் பொய் அல்ல. வெவ்வேறு காலத்துச் செய்திகளை ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறுவதால் வரும் குழப்பம்தான் இது.

அந்தச் செய்திகளைத் தனித்தனியே எடுத்து வைப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. ஒரு கடற்குகையில் எதன் வயதை நாம் அறிய முடியும், எப்படி அறிகிறோம், எந்த இடத்தில் ஊகம் தொடங்குகிறது என்பது விளங்கிவிட்டால், மற்றதெல்லாம் தானாகவே இடத்தில் அமர்ந்துவிடும்.

பிக்டுகள் யார்?

கி.பி. 297-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு லத்தீன் புகழுரையில்தான் இந்தப் பெயர் நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் வருகிறது. ‘பிக்டி’ என்ற லத்தீன் சொல்லுக்கு ‘வண்ணம் தீட்டிக்கொண்டவர்கள்’ என்று பொருள் கொள்வது வழக்கம். அது ரோமானியர் எல்லைக்கு வெளியே நின்றவர்களைச் சுட்ட ரோமானியர் வைத்த பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயரை வைத்து ஒருவரின் குணத்தை எடைபோடுவது எவ்வளவு சரியோ, அவ்வளவுதான் அந்தப் பெயரை வைத்துப் பிக்டுகளை எடைபோடுவதும்.

இவர்கள் இன்றைய ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும், ஏறத்தாழ 3-ஆம் நூற்றாண்டு முதல் 9-ஆம் நூற்றாண்டு வரை வரலாற்றில் தெரிகிறார்கள். பயிர் செய்தார்கள், மாடு வளர்த்தார்கள், இரும்பை உருக்கினார்கள், வெள்ளியில் நுட்பமான நகைகள் செய்தார்கள். மோரே கடற்கரையில் பர்க்ஹெட் என்னும் இடத்தில் அவர்கள் கட்டிய கோட்டை மிகப் பெரியது. 685-ஆம் ஆண்டில் டன் நெக்டன் போரில் தெற்கிலிருந்து படையெடுத்து வந்த நார்தம்பிரிய மன்னன் எக்ஃப்ரித்தைக் கொன்று, அவனுடைய படையையும் முறியடித்தார்கள். அரசும் படையும் கோட்டையும் வைத்திருந்த மக்களைக் குகைவாசிகள் என்பது பொருந்தாது. கி.பி. 900 வாக்கில் அவர்களுடைய நாடு ‘ஆல்பா’ என்ற பெயருக்குள் கரைந்தது. அவர்கள் பேசிய மொழி வெல்ஷ் மொழிக்கு உறவான கெல்டிக் மொழி என்பதே இன்று பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. ஆனால் அந்த மொழியில் ஒரு நூல்கூட நம் கைக்கு வரவில்லை.

அவர்கள் நமக்கு ஏராளமாக விட்டுச்சென்றவை கல்லில் வெட்டிய குறிகள். பிறைநிலவின் மேல் முறிந்த அம்பு கோணலாகப் படுத்திருக்கும்; இரண்டு வட்டுகள் ஒரு பட்டையால் இணைந்து மூக்குக்கண்ணாடியைப் போலத் தோன்றும்; கைக்கண்ணாடியும் சீப்பும் அருகருகே இருக்கும்; மீன், வாத்து, காளை, பாம்பு எல்லாம் சில வளைகோடுகளிலேயே உயிர்பெற்று நிற்கும். யானையா டால்ஃபினா என்று சொல்ல முடியாத ஒரு விலங்கும் உண்டு. ஆய்வாளர்கள் அதைப் ‘பிக்டு விலங்கு’ என்று அழைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தக் குறிகள் பெரும்பாலும் திறந்தவெளியில் நிற்கும் கற்களில் காணப்படுகின்றன. குகைச் சுவர்களில் அவை கிடைப்பது அரிது; கிடைத்த இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஃபைஃப் பகுதியில் கிழக்கு வீம்ஸ் ஊருக்கு அருகிலுள்ள குகைக்கூட்டம் ஒன்று; மோரே கடற்கரையில் லாசிமவுத்துக்கு மேற்கே கோவ்சீயில் உள்ள ‘சிற்பியின் குகை’ மற்றொன்று.

பால் கணக்கு எழுதிய சுவர்

ஒரு பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டனார் கட்டிய வீடு. அடுக்களைச் சுவரில் கரிக்கட்டியால் பால் கணக்கு எழுதியிருக்கிறது. நிலைக்கதவில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள் இருக்கின்றன. கொல்லையில் தோண்டினால் உடைந்த மண்சட்டி அகப்படுகிறது. அந்தச் செங்கல்லுக்கான மண்ணோ வீட்டைவிடப் பல மடங்கு பழையது. இப்போது ஒருவர் வந்து, ‘இதன் வயது என்ன?’ என்று கேட்டால், எதன் வயது என்று நாம் திருப்பிக் கேட்க மாட்டோமா? பால் கணக்கின் வயது வீட்டின் வயதாகாது. கொல்லையில் சட்டியை உடைத்தவர்தான் சுவரில் கணக்கு எழுதினார் என்றும் சொல்ல முடியாது.

கடற்குகையும் அப்படித்தான். அதில் குறைந்தது நான்கு வயதுகள் இருக்கின்றன: பாறையின் வயது, அந்தப் பாறையில் பொந்து உண்டான காலம், மனிதர்கள் உள்ளே வந்து போன காலங்கள், சுவரில் உளி பட்ட நாள். வீம்ஸ் குகைகளின் மணற்பாறை நிலக்கரிக் காலத்தைச் சேர்ந்தது. 30 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. அதில் பொந்து விழுந்தது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. உளி பட்டது, நாம் கணிக்கக்கூடிய அளவில், சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் குழப்பிக்கொள்பவர்கள் யாரும் இல்லை. நடுவிலுள்ள இரண்டையும் கடைசியோடு குழப்புபவர்கள்தான் நிறைய.

பொந்து எப்படி உண்டாகிறது, ஏன் மேலே இருக்கிறது?

கடல் பாறையைக் குடைவதற்கு நீர் மட்டும் போதாது. அலை வந்து மோதும்போது பாறை வெடிப்புக்குள் இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அலை பின்வாங்கும்போது அது திடீரென்று விரிகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை நடக்கும் இந்த நெருக்கலும் விரிதலும் வெடிப்பை அகலமாக்குகின்றன. அதோடு அலை சுமந்துவரும் மணலும் கூழாங்கல்லும் உப்புத்தாளைப் போலப் பாறையைத் தேய்க்கின்றன. பாறையில் எந்த அடுக்கு மென்மையானதோ அது முதலில் கரைகிறது. மேலே இருக்கும் கடினமான அடுக்கு கூரையாகத் தங்கிவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். குகையைக் குடைந்தது அலை என்றால், அந்தக் குகை அலை மட்டத்தில் அல்லவா இருக்க வேண்டும்? வீம்ஸ் குகைகளின் தரை இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே, சாதாரணமாக அலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம் பனி.

கடைசிப் பனிக்காலத்தில் ஸ்காட்லாந்தின் மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தடிமனில் பனிப்பாளம் கிடந்தது. அந்தப் பாரத்தில் நிலம் கீழே அமுங்கியது. இலவம்பஞ்சு மெத்தையில் ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பள்ளம் உடனே நிரம்புவதில்லை. மெல்ல மெல்லத்தான் மேலே வரும். பனி உருகிய பிறகு ஸ்காட்லாந்தின் நிலமும் அப்படியே மெல்ல எழுந்தது, சில இடங்களில் இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. அதே காலத்தில், உலகெங்கும் பனி உருகிய நீர் கடலில் சேர்ந்ததால் கடல்மட்டமும் உயர்ந்தது. இந்த இரண்டு உயர்வுக்கும் நடந்த போட்டியில், சுமார் 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் சற்று முந்திக்கொண்டு உள்ளே வந்தது. இன்று நாம் காணும் குகைகளில் பலவற்றை அப்போது கடல் குடைந்தது அல்லது பெரிதாக்கியது. பிறகு நிலம் வென்றது. அலை விளையாடிய பழைய மணல்மேடு இப்போது உயரத்தில் வறண்டு கிடக்கிறது. இதற்கு ‘உயர்ந்த கடற்கரை’ என்று பெயர்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். கடல் வெளியேறிய பிறகே மனிதன் உள்ளே தங்கவோ, சுவரில் வெட்டியது நிலைத்திருக்கவோ முடியும். ஆகவே பொந்தின் வயது, செதுக்கலின் வயதுக்கு ஒரு மேல்வரம்பைத் தருகிறது. அது வரம்பு மட்டுமே, விடை அன்று.

இதுவரை பார்த்தது: பிக்டுகள் கோட்டை கட்டி வாழ்ந்த, இடைக்காலத் தொடக்கத்து மக்கள். குகைகளை அவர்கள் தோண்டவில்லை. கடல் தோண்டியது, நிலம் உயர்ந்து அவற்றை வெளியே கொண்டுவந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே அந்தக் குகைகள் பல ஆயிரம் ஆண்டுகள் திறந்து கிடந்தன.

தரை சொல்வது

குகைத் தரையில் மண், சாம்பல், எலும்பு, சிப்பி ஓடு, கூரையிலிருந்து உதிர்ந்த கல் எல்லாம் காலப்போக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. தொந்தரவு இல்லாத இடத்தில் அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. அறுவடைக்குப் பின் வீட்டில் அடுக்கிய மூட்டைகளைப் போல, முதலில் வந்தது அடியில் போய்விடும். இப்படிப் பிரித்தறியக்கூடிய ஒவ்வொரு படிவுக்கும் ‘மண்ணடுக்கு’ என்று பெயர். ஆனால் குகையில் மண்ணடுக்கைப் படிப்பது வயல்வெளியில் படிப்பதைவிடக் கடினம். நரியும் முயலும் வளை தோண்டுகின்றன. புயல் நாளில் அலை உள்ளே புகுந்து ஒரு மூலையை அரித்து இன்னொரு மூலையில் கொட்டுகிறது. பிந்தி வந்தவர்கள் குழி பறித்து முந்தியவற்றை மேலே எறிகிறார்கள்.

அடுக்கு வரிசையைச் சொல்லுமே தவிர ஆண்டைச் சொல்லாது. ஆண்டுக்குக் ‘கரிமக் காலக்கணிப்பு’ உதவுகிறது. உயிருள்ள ஒவ்வொன்றின் உடம்பிலும் கரிமம்-14 என்ற, தானாகச் சிதையும் கரிம வகை மிகச் சிறிய அளவில் இருக்கிறது. உயிரோடிருக்கும்வரை உணவின் வழியாகவும் காற்றின் வழியாகவும் அது மீண்டும் மீண்டும் நிரம்புகிறது. அடியில் பொத்தல் விழுந்த குடத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிவந்தால் மட்டம் ஒரேயளவில் நிற்கும். ஊற்றுவதை நிறுத்திய நாளிலிருந்து இறங்கத் தொடங்கும். உயிர் போன நாள்தான் ஊற்றுவதை நிறுத்திய நாள். கரிமம்-14 ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் என்பது தெரியும். ஆகவே எஞ்சியதை அளந்தால், நிறுத்திய நாளைக் கணக்கிடலாம்.

இந்த முறை எலும்பு, கரி, விதை, மரம் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். பாறைக்குப் பொருந்தாது. கடற்கரைக் குகைகளில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால், சிப்பியும் மீனும் ஏறத்தாழ 400 ஆண்டுகள் அதிக வயதைக் காட்டும், அவற்றை அதிகம் தின்றவரின் எலும்பும் ஓரளவு வயதைக் கூட்டிக் காட்டும். இதைச் சரிசெய்யாமல் சொல்லப்படும் ஆண்டை நம்புவதற்கில்லை.

தரை எவ்வளவு சொல்லும் என்பதற்குச் சிற்பியின் குகையே தக்க சான்று. செங்குத்தான பாறைச் சரிவின் அடியில், இரண்டு நீண்ட நுழைவழிகளோடு உள்ள குகை அது. கடல் வற்றும் நேரத்தில் கரையோரமாக நடந்துதான் அதை அடைய முடியும். நீர் ஏறினால் வழி அடைபட்டுவிடும். சில்வியா பென்டன் என்ற பெண் தொல்லியலாளர் 1928 முதல் 1930 வரை அதை அகழ்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனித எலும்புகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி பின்னர் காணாமற்போனது. அந்தக் காலத்தில் எலும்பை முழுமையாகப் பாதுகாக்கும் வழக்கம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம், இழப்பு என்னவோ இழப்புதான். 1979-இல் இயன் ஷெப்பர்டும் அலெக்சாண்ட்ரா ஷெப்பர்டும் நுழைவழிகளில் எஞ்சியிருந்த மண்ணடுக்குகளை அகழ்ந்தார்கள். அந்த இரண்டு அகழ்வுகளின் பொருள்களையும் இயன் ஆர்மிட்டும் லிண்ட்சி பூஸ்டரும் புதிய முறைகளால் மறுபடி ஆராய்ந்து, முழு அறிக்கையை 2020-இல் வெளியிட்டார்கள்.

அதில் தெரியவந்தது இதுதான். கி.மு. 1000 வாக்கில், வெண்கலக் காலத்தின் பிற்பகுதியில், இறந்தவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, அந்தக் குகைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாயிலருகே கிடைத்த குழந்தைகளின் தலை எலும்புகளையும், கூந்தலில் அணிந்த பொன்தகடு போர்த்த வளையங்களையும் சேர்த்துப் பார்த்து, அலங்கரித்த தலைகள் நுழைவாயிலில் வைக்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி. கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில், குறைந்தது ஆறு பேரின் கழுத்து அங்கேயே வெட்டப்பட்டிருக்கிறது. கழுத்து முள்ளெலும்புகளில் கத்தியின் தடம் தெளிவாக இருக்கிறது. ரோமானிய நாணயங்களும் அணிகலன்களும்கூடத் தரையில் கிடைத்தன.

சுவரில்? நுழைவழிகளின் பாறையில் மீன், பிறை, ஐமுனை விண்மீன் போன்ற குறிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. பொதுப்பேச்சு தடுக்கிவிழும் இடம் இதுதான். தலை வெட்டியதையும் குறி வெட்டியதையும் ஒரே சடங்காக இணைத்து, பிக்டுகளின் பலிபீடம் என்று கதை கட்டிவிடுகிறார்கள். எலும்புக்கு ஆண்டு உண்டு. குறிக்கு அப்படி ஓர் ஆண்டு இல்லை. அங்கே ஏதோ நடந்தது என்ற நினைவு தலைமுறைகளுக்கு நீடித்து, பின்வந்தவர்கள் அந்த இடத்தை மதித்தோ அஞ்சியோ வாயிலில் குறியிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. என்றாலும் அது கருத்துதான், அளவீடு இல்லை.

இதற்கு நேர்மாறான ஓர் இடம், பிளாக் ஐல் பகுதியில் உள்ள ரோஸ்மார்க்கி குகை. அங்கே 2016-இல் ஒரு ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. கால்கள் மடக்கப்பட்டு, கைகால்களின்மேல் கற்கள் வைக்கப்பட்டிருந்தன. தலையில் குறைந்தது ஐந்து பலத்த அடிகள் விழுந்திருந்தன. கரிமக் காலக்கணிப்பு அவருக்குக் கி.பி. 430-க்கும் 630-க்கும் இடைப்பட்ட காலத்தைத் தந்தது. இரும்பு வேலை நடந்ததற்கான தடயங்களும் அந்தக் குகையில் இருந்தன. அவர் பிக்டுகளின் காலத்தவர் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதைச் சொல்வது எலும்பு, சுவர்க்குறி இல்லை.

சுவர் சொல்லாதது

அம்மி கொத்துபவரைப் பார்த்திருப்பவர்களுக்குச் செதுக்கலின் முதல் முறையை விளக்கவே தேவையில்லை. உளியை நிமிர்த்திப் பிடித்துத் தட்டத் தட்ட, கல்லில் புள்ளி புள்ளியாகக் குழி விழுகிறது. புள்ளிகளை நெருக்கமாக வரிசையில் போட்டால் கோடாகிவிடும். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டும்போது நடப்பதும் இதுவே. இதற்குப் ‘பொளிதல்’ என்று பெயர். பிக்டுகள் பல இடங்களில் இப்படிப் பொளிந்துவிட்டு, பிறகு அந்தக் கோட்டை வேறொரு கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். இரண்டாவது முறை, கூரிய முனையால் இழுத்துக் கீறுவது. மணற்பாறை மென்மையானதாகையால் இரண்டும் எளிது. ஆனால் எளிது என்பதே பிந்தைய தலைவலிக்கும் காரணம்: பிக்டுக்கு எளிதானது சுற்றுலாப் பயணிக்கும் எளிது.

குறி என்பது பாறையிலிருந்து எடுக்கப்பட்ட பொருளின் வெற்றிடம். வெற்றிடத்தில் கரிமம் இல்லை. ஆகவே நேரடியாக ஆண்டைக் கணக்கிட வழி இல்லாமல், சுற்றி வளைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

முதல் வழி, ஒப்பிடுதல். அதே குறி, ஆண்டு தெரிந்த வேறொரு இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபைஃபிலேயே, வீம்ஸுக்குத் தொலைவில்லாத லார்கோவில், நாரிஸ் லா என்னும் மேட்டில் 1819-இல் ஒரு வெள்ளிப் புதையல் அகப்பட்டது. அதிலுள்ள இலைவடிவத் தகட்டில் இரட்டை வட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. குகைச் சுவரிலும் இரட்டை வட்டு இருக்கிறது. ஸ்டோன்ஹேவன் அருகே கடலுக்குள் தனித்து நிற்கும் டன்னிகேர் என்ற பாறைத்தூண் இன்னும் முக்கியமானது. அதன் உச்சியிலிருந்த சிறு கோட்டையிலிருந்து எளிய குறிகள் கொண்ட கற்கள் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்திருந்தன. அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கார்டன் நோபிள் குழுவினர் அங்கே ஏறி அகழ்ந்து, அந்தக் குடியிருப்பு 3-ஆம், 4-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று கரிமக் காலக்கணிப்பால் காட்டினார்கள். அதற்கு முன், இந்தக் குறிமுறை சில நூற்றாண்டுகள் பிந்தியது என்று பலர் கருதியிருந்தார்கள். டன்னிகேர்க் கற்களின் முரட்டுத்தனமான, எளிய கோடுகள் குகைச் சுவர்களிலுள்ள கோடுகளுக்கு நெருக்கமாக இருப்பதால், குகைச் செதுக்கல்களில் சிலவும் தொடக்ககாலத்தவையாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. ஒப்பீட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும்: அவசரமாகவோ பழக்கமில்லாத கையாலோ வெட்டியதும் பழையதைப் போலவே தோன்றும்.

இரண்டாவது, எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டிச்சென்றால், வெட்டியது பிந்தியது. மூன்றாவது, தேய்மானமும் உளித்தடமும். புதிதாகக் கீறிய கோட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பழையது மழுங்கி, பாறையின் நிறத்தையே பூண்டிருக்கும். ஆனால் ஈரமான மூலையில் நூறாண்டுக் கோடு ஆயிரமாண்டுக் கோட்டைப் போல மழுங்கிவிடலாம் என்பதால், இதை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வருபவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இதுவரை பார்த்தது: தரையிலுள்ள எலும்புக்கும் கரிக்கும் ஆண்டைக் கணக்கிட முடியும், சுவரிலுள்ள கோட்டுக்கு ஒப்பீட்டின் வழியே ஏறத்தாழ ஒரு காலத்தைத்தான் சொல்ல முடியும். தரையின் ஆண்டைத் தூக்கிச் சுவரில் மாட்டக்கூடாது.

இந்தக் குறிகளுக்கு என்ன பொருள்?

யாராவது உறுதியாகப் பொருள் சொன்னால், அவரிடம் ஆதாரம் கேளுங்கள். திறந்தவெளிக் கற்களில் குறிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருகின்றன. அதனால் அவை ஆட்பெயர்களைக் குறிக்கலாம் என்ற கருத்து பலருக்கு ஏற்புடையதாக இருக்கிறது. நம் வழக்கில் தகப்பன் பெயரும் தன் பெயருமாகச் சேர்த்துச் சொல்வதைப் போன்ற ஓர் அமைப்பாக அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். குகைச் சுவர்களில் இந்த இணை ஒழுங்கு அவ்வளவு தெளிவாக இல்லை. குறிகள் சிதறிக் கிடக்கின்றன.

2010-இல் ராப் லீயும் உடன் ஆய்வாளர்களும், குறிகள் ஒன்றையொன்று பின்தொடரும் ஒழுங்கைக் கணிதமுறையில் அளந்து, அது வெறும் அலங்காரத்தைவிட எழுத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்றார்கள். இதற்கு ஓராண்டு முன்பு, ராஜேஷ் ராவ், ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட குழு சிந்துவெளிக் குறிகளுக்கு இதே வகையான அளவீட்டைச் செய்திருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டுக்கும் எழுந்த மறுப்பும் ஒன்றுதான்: ஒழுங்கு இருப்பதால் மட்டும் ஒன்று மொழியாகிவிடாது, மொழியல்லாத பல குறிமுறைகளிலும் ஒழுங்கு உண்டு. எழுத்தா இல்லையா என்ற கேள்வி தீர்ந்தாலும்கூட, அதை வாசித்துவிட்டோம் என்று ஆகாது.

பெயர் சூட்டுவதாலேயே பொருள் திரிந்துவிடுவதற்கும் வீம்ஸில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்குள்ள கோர்ட் குகையில் கையில் எதையோ ஏந்திய ஓர் உருவமும் அருகே ஒரு விலங்கும் உள்ளன. வட ஐரோப்பிய நார்ஸ் மக்களின், சுத்தியல் ஏந்தும் கடவுளான தோரும் அவருடைய ஆடும் என்று அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பெயர் வந்தபிறகு பார்ப்பவர்களுக்கெல்லாம் சுத்தியல் தெரிகிறது. பெயரை மறந்துவிட்டுப் பார்த்தால் தெரிவது, கோலோ வேறெதுவோ பிடித்த ஒரு மனித உருவம், அவ்வளவே.

வீம்ஸ்: பலர் கைபட்ட சுவர்

‘வீம்ஸ்’ என்ற ஊர்ப்பெயரே, ‘கேலிக்’ என்னும் ஸ்காட்லாந்து மொழியில் குகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இங்குள்ள குகைச் செதுக்கல்களைக் கண்டு 1865-இல் அறிஞர் உலகுக்கு அறிவித்தவர் ஜேம்ஸ் யங் சிம்சன். பிரசவ வலிக்கு மயக்கமருந்தாகக் குளோரோஃபார்மைப் பயன்படுத்திய அதே எடின்பரோ மருத்துவர்தான். பாறைச் செதுக்கல்களில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு.

இந்தக் குகைகளின் பெயர்களைப் பார்த்தாலே, பிக்டுகளோடு கதை முடியவில்லை என்பது தெரியும். ஒரு குகையின் சுவரில் வரிசை வரிசையாகச் சதுரப் பொந்துகள் வெட்டிப் புறா வளர்த்திருக்கிறார்கள். ‘டூ’ என்றால் ஸ்காட்டு வழக்கில் புறா, அது டூ குகை. இன்னொன்றில் 17-ஆம் நூற்றாண்டில் கண்ணாடி உருக்கினார்கள்; அது கண்ணாடிக் குகை. ஜொனாதன் குகை, அதில் குடும்பத்தோடு வாழ்ந்த ஆணி செய்யும் ஒருவரின் பெயரைத் தாங்கியது. அந்தக் குகைச் சுவரில் மீனும் இரட்டை வட்டும் துடுப்புகளோடு கூடிய ஒரு படகும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவிலும் மேலேயும் பிற்கால மனிதர்களின் பெயரெழுத்துகளும் ஆண்டுகளும் இருக்கின்றன. பிக்டுகளின் குகை என்று சொல்வதைவிட, பிக்டுகளும் கைவைத்த குகை என்பதே சரி.

நிலக்கரி இந்தக் குகைகளுக்குப் பகையாகவும் பாதுகாப்பாகவும் இருந்தது. கீழே சுரங்கம் தோண்டியதால் நிலம் ஆட்டம் கண்டது. அதே சமயம், பக்கத்து மைக்கேல் சுரங்கத்தின் கழிவுக்கல்லைக் கரையில் கொட்டிக் கொட்டி, அலைக்கும் குகைக்கும் நடுவே அகலமான ஒரு கரை உண்டாகியிருந்தது. 1967-இல் ஒன்பது தொழிலாளர்களைப் பலிகொண்ட தீவிபத்துக்குப் பின் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. கழிவு வருவது நின்றதும் கடல் அந்தக் கரையைத் தின்னத் தொடங்கியது. 1986-இல் ஜொனாதன் குகைக்குள் ஒரு கார் தீவைத்து எரிக்கப்பட்டது, சுவர் கருகியது. கொதித்துப்போன ஊர்மக்கள் அந்த ஆண்டே ஒரு பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, இன்றுவரை பார்வையாளர்களை அழைத்துச்சென்று காட்டிவருகிறார்கள்.

பாதுகாக்க முடியாததைப் பதிவாவது செய்ய வேண்டும். இங்கே ஒரு பெயிண்டரின் தந்திரம் உதவுகிறது. பட்டி பூசிய சுவரில் மேடுபள்ளம் இருக்கிறதா என்று பார்க்க, அவர் பல்பைச் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் பிடிப்பார். நேராக வெளிச்சம் அடித்தபோது தெரியாத தேய்வெல்லாம் நிழலாக எழுந்துவரும். மழுங்கிய செதுக்கலைப் படிப்பதும் இப்படித்தான், ஒவ்வொரு பக்கமாக விளக்கை நகர்த்தி. இப்போது லேசர் கதிரால் சுவரின் மேற்பரப்பை மில்லிமீட்டருக்கும் குறைந்த நுட்பத்தில் அளந்து, கணினியில் ஒரு நகலை உருவாக்கிவிடுகிறார்கள். இதற்கு ‘முப்பரிமாண வருடல்’ என்று பெயர். அந்த நகலின்மேல் எந்தத் திசையிலிருந்தும் வெளிச்சத்தை விழச்செய்து பார்க்கலாம். சில ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்து, எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று ஒப்பிடலாம். சிற்பியின் குகையும் வீம்ஸ் குகைகளும் இவ்வாறு அளக்கப்பட்டுவிட்டன.

மேற்கு டூ குகைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. செதுக்கல்கள் இருந்த அந்தக் குகை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிந்துவிட்டது. அதற்குச் சிறிது முன்பு ஜான் பேட்ரிக் என்பவர் எடுத்த புகைப்படங்களும், 19-ஆம் நூற்றாண்டின் சில கோட்டுப்படங்களும்தான் நம்மிடம் இருக்கின்றன. புகைப்படத்தில் விளக்கை நகர்த்த முடியாது. அன்று அவர் வெளிச்சத்தை வைத்த திசையில் நிழல் விழுந்த கோடுகள் தெரிகின்றன. விழாதவை அந்த இடிபாட்டுக்குள்ளேயே இருக்கின்றன.